ஒன்றும் செய்யாத குழு

ஆராய்ச்சிப் பிரிவின் இளைய களப்பணியாளர்களிடம் என் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று சென்ற மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் நடுவில் என்னை வைத்திருந்தார்கள். மண்டபத்தில் நாற்பத்தொரு நாற்காலிகள். ஆள் இருந்தது இருபத்தாறில். அந்த இருபத்தாறு பேரில் எத்தனை பேருக்குக் கண் திறந்திருந்தது என்று மட்டும் நான் எண்ணவில்லை. எண்ணினால் எனக்குத்தான் வருத்தம். பேச்சின் நடுவே மூச்சு வாங்குவதற்காக ஓரிடத்தில் நிறுத்தினேன். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டிவிட்டார்கள். தட்டிய பிறகு எப்படித் தொடர்வது? இறங்கி வந்துவிட்டேன்.

பேச நினைத்தது பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் வேலைக் காலத்தின் முதல் பாதி கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் டிரசர். தோட்ட மருந்தகத்தில் டாக்டருக்கும் ஆயாவுக்கும் இடையில் இருக்கும் ஆள். காயம் கட்டவும், ஊசி போடவும், காய்ச்சலுக்கும் வேலைக்குப் போக மனமில்லாமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். முதல் இரண்டும் ஆட்களுக்குப் பிடித்தன, மூன்றாவது மானேஜருக்குப் பிடித்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மருந்தகத்தைப் பூட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் சமூக நலவியல் ஆராய்ச்சியில் களத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கத் தெரியும், தோட்டத்தில் எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கும். அந்த இரண்டு தகுதிக்கும் கள மேற்பார்வையாளர் என்ற பெயர் கிடைத்தது.

என் மேலதிகாரி பேராசிரியர் டாக்டர் தேவகி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, தோட்டக் கணக்கு எழுதும் கிராணிமார் குடும்பம். அவருடைய பாட்டனார் எங்கள் பாட்டனார்களுக்கு வருகைப் பட்டியலில் பேர் போட்டவர் என்று கேலியாகச் சொல்வார். கோபித்து நான் பார்த்ததில்லை. கோபத்துக்குப் பதில் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாம் சொன்ன வாக்கியத்தைத் துண்டு துண்டாக நமக்கே திருப்பிச் சொல்வார்.

"அந்தத் தோட்டத்தில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் டாக்டர்" என்று என் முதல் வேலையில் அறிக்கை சொன்னேன்.

"எல்லாரும்," என்றார். சற்று நிறுத்தினார். "மகிழ்ச்சியா," என்றார். மறுபடியும் நிறுத்தினார். "இருக்கினம்?"

அன்று மாலையே நான் திரும்பப் போய் எல்லாரையும் மறுபடி கேட்டேன்.

இன்னொரு நியமமும் வைத்திருந்தார். எந்தக் கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே போகுமுன், களப்பணியாளர்கள் இரண்டிரண்டு பேராக அறைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 'கடந்த மாதத்தில் உங்கள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று எத்தனை முறை தோன்றியது?' என்ற கேள்வியை என்னைவிட முப்பது வயது இளைய பையன் ஒருவன் என்னிடம் கேட்டான். எனக்குக் கேட்டது பிடிக்கவில்லை. பதில் சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை. "இப்ப விளங்கிச்சுதா, அந்தப் பெண்டுகளிட்ட நாங்கள் என்ன கேக்கிறம் எண்டு?" என்றார் டாக்டர் தேவகி. விளங்கியது.

நான் கடைசியாக வேலை செய்த ஆய்வு யோகாவைப் பற்றியது. தோட்டத்துப் பெண்களுக்கு வாரந்தோறும் யோகா கற்றுக்கொடுத்தால் அவர்களுடைய உடல்நலமும் மனநலமும் மேம்படுகிறதா, வீட்டுக்குள் ஏதாவது மாறுகிறதா என்பது கேள்வி.

அதற்கு முதலில் மனநலக் கேள்வித்தாளைத் தமிழாக்க வேண்டியிருந்தது. பட்டணத்தில் ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பினார். 'தாங்கள் உள்ளார்ந்த அமைதியை உணர்கிறீர்களா?' என்று இருந்தது. புக்கிட் பெலிம்பிங்கில் என் அண்டை வீட்டு அம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். 'மனசு லேசா இருக்கா?' என்று மாற்றினோம். அதற்கு ஐந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: எப்போதும், பெரும்பாலும், சில வேளை, அரிதாக, இல்லவே இல்லை. முன்னோட்டத்துக்குப் போனபோது பதினெட்டுப் பெண்களும் ஐந்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதினெட்டுப் பேரும் ஆறாவதாக ஒன்றைச் சொன்னார்கள்.

"பரவால்லலா."

புருஷன் குடிப்பதை நிறுத்தியவளும் பரவால்ல, நிறுத்தாதவளும் பரவால்ல. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் டாக்டர் தேவகி, "பரவாயில்லை எண்டு சொன்னால் பேசாமல் இருங்கோ. அடுத்த கேள்விக்குப் போகாதேங்கோ. அவையே மிச்சத்தைச் சொல்லுவினம்" என்றார். அப்படியே செய்தோம். மிச்சத்தைச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் என்று போட்டிருந்த திட்டம் ஒன்றரை மணிநேரமானது. எந்த வீட்டிலும் சாப்பிடக்கூடாது, தேநீரை மட்டும் மறுக்கக்கூடாது என்பதும் அவர் விதிதான். ஒரு பிற்பகலில் ஒன்பது தேநீர் குடித்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தோம். சீட்டுப் போட்டதில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக்கு யோகா விழுந்தது. ராசா என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த தோட்டத்துக்கு ஒன்றும் விழவில்லை. அது ஒப்பீட்டுக் குழு. யோகா செய்பவர்களை யோகா செய்யாதவர்களோடு ஒப்பிட்டால்தானே பலன் தெரியும்?

யோகாத் தோட்டத்துக்குத் தலைநகரிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். இளைஞர், பணிவானவர், நல்ல உடம்பு. ஊதாநிறப் பாய்கள் முப்பது கொண்டுவந்தார். முதல் நாள் "ஆழமா மூச்ச இழுங்க" என்றார். எண்ணெய் ஆலை மண்டபத்துக்குப் பின்னால்தான் இருந்தது. இழுத்தார்கள். இழுத்த மூச்சை வெளியே விடும் அவசரத்தை நான் அங்கே பார்த்ததுபோல் வேறெங்கும் பார்த்ததில்லை. "அமைதியான ஒரு கடற்கரையில படுத்திருக்கிற மாதிரி நினைச்சுக்கங்க" என்றார். கோலா சிலாங்கூர்க்காரர்களுக்குக் கடற்கரை என்றால் முழங்கால் சேறு. ஒருத்தி கண்ணை மூடியபடியே, "செருப்பக் கழட்டணுமா மாஸ்டர்?" என்றாள். குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னபோது, நாள் முழுதும் செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்குகிற ஒருத்தி எழுந்து நின்றாள். "அங்க குனிஞ்சா சம்பளம் குடுக்கறாங்க மாஸ்டர். இங்கயும் சும்மா குனியணுமா?"

ஆனாலும் செய்தார்கள். நாளாக ஆக விரும்பியே செய்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. முதுகுவலி போனது என்றார்கள், இரவில் புரளாமல் தூக்கம் வருகிறது என்றார்கள்.

என் பொறுப்பில் இருந்தது மற்றது. ஒன்றும் கிடைக்காத தோட்டம்.

ஒப்பீட்டுக் குழுவை அப்படியே வீட்டில் விட்டுவிட டாக்டர் தேவகி சம்மதிக்கவில்லை. யோகாக் குழு வாரம் ஒரு மணிநேரம் வீட்டை விட்டு வருகிறது, நாலு பேரோடு இருக்கிறது. பலன் யோகாவினாலா, வெளியே வந்ததினாலா என்று எப்படித் தெரியும்? ஆகவே இவர்களும் ஞாயிறு பிற்பகல் ஒரு மணிநேரம் மண்டபத்துக்கு வர வேண்டும். உட்காரலாம், படுக்கலாம். பேச்சு, கைப்பேசி, பயிற்சி எதுவும் கூடாது. மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியில் இருந்து பார்த்துக்கொள்வார். அந்த மேற்பார்வையாளர் நான்.

இதை அந்தப் பெண்களிடம் எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியதும் நான்தான்.

"அங்க யோகா. எங்களுக்கு?" என்று கேட்டார்கள்.

"ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்."

"அதுக்கு எதுக்கு டிரசரய்யா பாலாய் வரைக்கும் வரணும்?" பாலாய் என்பது அந்தத் தோட்டத்துப் பொது மண்டபம்.

"வந்தால்தான் ஆராய்ச்சி."

"நாங்க என்னா பாவம் பண்ணோம், எங்களுக்கு மட்டும் ஒண்ணுமில்ல?"

ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் யோகா வகுப்பு நடத்தித் தருவோம் என்ற வாக்கின்பேரில் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள்.

முதல் ஞாயிறு இருபத்திரண்டு பேரும் வேலையோடு வந்தார்கள். ஒருத்தி தலை கிள்ள ஒரு பை நெத்திலி கொண்டுவந்தாள். ஒருத்தியிடம் கோயிலுக்கு மாலை கட்டப் பூ. இன்னொருத்தி மகனின் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு விளிம்பு தைக்க ஊசி நூலோடு வந்தாள். ஒன்றும் செய்யக்கூடாது என்று நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். "இது என்ன வேலையா? கை சும்மாதானே இருக்கு" என்றார்கள். எல்லாவற்றையும் வாங்கி என் நாற்காலிக்குக் கீழே வைத்தேன். நெத்திலிப் பையைத் தேடிப் பூனை வந்தது. ஒரு மணிநேரமும் நான் பூனையை விரட்டினேன், பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள். அந்த வாரத்தை ஒன்றும் செய்யாத வாரம் என்று பதிவு செய்ய என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தார்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். ஒருத்தி காரணமில்லாமல் அழுதாள். மூன்றாம் ஞாயிறு, விசிறி ஓடிக்கொண்டிருந்த அமைதியில், சுவரோரத்திலிருந்து முதல் குறட்டை கேட்டது.

அது தவமணி.

வயது நாற்பதைத் தாண்டியவள். செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. கம்பெனி பஸ் விடியுமுன் வந்துவிடும், அதற்குமுன் சமைத்து வைத்துவிட வேண்டும். புருஷனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் இருப்பது மாமியார் அஞ்சலை மட்டும். பகலில் மாமியார், மாலையிலிருந்து காலைவரை தவமணி. இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நான் டிரசராக இருந்தவன், அந்த வேலையின் கனம் எனக்குத் தெரியும்.

மனநலக் கேள்விகளை முதல் முறை கேட்டபோது 'உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா?' என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டிரசரய்யா, நீங்க கல்யாணம் ஆனவருதானே?" என்றாள். 'உங்கள் களைப்பை வீட்டில் யாராவது புரிந்துகொள்கிறார்களா?' என்றதற்கு மட்டும் "பரவால்ல" என்றாள். விதிப்படி நான் பேசாமல் இருந்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். மிச்சத்தைச் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மணிநேரம் எப்படிக் கிடைத்தது என்றால், டாக்டர் வரச் சொன்னார் என்பதால் கிடைத்தது. மாமியாருக்கு டாக்டர் என்ற சொல்லிடம் பயம். மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று அவரிடம் தவமணி சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உள்ளே வருவாள், கொண்டுவந்த கைலியை விரிப்பாள், தலை தரையில் பட்டதும் போய்விடுவாள். நேரம் முடிந்ததும் நான்தான் எழுப்ப வேண்டும். எழுந்ததும் அவள் முகத்தில் முதலில் ஒரு குழப்பம் வரும், பிறகு எல்லாம் நினைவுக்கு வரும். அந்த இரண்டுக்கும் இடையிலான அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பாதி ஆய்வில் இரு குழுக்களுக்கும் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, மனநலக் கேள்விகள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். டாக்டர் தேவகி என்னை அறைக்கு அழைத்தார்.

"மிஸ்டர் நடேசன், யோகாத் தோட்டத்து ஆக்களுக்கு எல்லாம் நல்லா இருக்கு. சந்தோசம். ஆனால் உங்கட ஆக்களுக்கும் அதே அளவுக்கு நல்லா இருக்கே, ஏன்?"

"தெரியவில்லை டாக்டர்."

"அவை ஒளிச்சு யோகா செய்யினமோ?"

"ஒளித்துத் தூங்குகிறார்கள் டாக்டர்."

"ஒளிச்சு," என்றார். "தூங்கினம்."

இரண்டு துண்டுதான். இருந்தும் எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த ஞாயிறு தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

வந்தார். மண்டபத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரும் கைலி விரித்துப் படுத்திருந்தார்கள். டாக்டர் தேவகி குறிப்பெடுக்கப் பேனாவை எடுத்தார். அவருக்கு யோசிக்கும்போது பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி எடுக்கிற பழக்கம்.

சுவரோரத்திலிருந்து கண் திறக்காமலே தவமணி சொன்னாள்: "யாருலா அது, டக்கு டக்குன்னு?"

நான் பதறி எழுந்தேன். டாக்டர் தேவகி கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார். பேனாவைப் பைக்குள் போட்டார். அதன்பின் அவரும் ஒன்றும் செய்யவில்லை.

பாதி நேரம் போயிருக்கும். மண்டபத்து வாசலில் நிழல் விழுந்தது. அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு. முந்தானை ஈரம், மூச்சு வாங்கியது. மகனுக்குத் துணி மாற்ற வேண்டியிருக்கிறது, ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை, மருமகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மருமகள்.

"அடியே!"

இருபத்திரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"டாக்டரு ரத்தம் பாக்குறாரு, டெஸ்ட் பண்றாருன்னு வந்துட்டு இங்க மல்லாந்து படுத்துக் கெடக்கறியா? அங்க நா ஒருத்தி அவனப் புரட்ட முடியாம கெடக்கறேன். தூங்கறதுக்கு வீட்ல பாயில்லையா?"

தவமணி கைலியைச் சுருட்ட ஆரம்பித்தாள். வாதாடவில்லை. அவள் சுருட்டின விதத்திலேயே தெரிந்தது, இனி வரமாட்டாள். எனக்கு இருபத்திரண்டு இருபத்தொன்றாகிறதே என்ற கவலை முதலில் வந்தது, அவளைப் பற்றிய கவலை பிறகுதான் வந்தது. எழுந்து போனேன்.

"அம்மா, இவர்கள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி."

"ஒண்ணும் செய்யாம இருக்கறத வீட்லயே செய்யலாமே டிரசரே!"

"வீட்டில் தவமணி ஒன்றும் செய்யாமல் இருந்து நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?"

அஞ்சலை திரும்பி மருமகளைப் பார்த்தார். பிறகு, "என்ன மட்டும் பாத்திருக்காளா அவ?" என்றார்.

டாக்டர் தேவகி எழுந்து வந்தார்.

"அம்மா, நீங்கள் கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்கள்?"

டாக்டர் என்று தெரிந்ததும் அஞ்சலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அவன் நடந்துக்கிட்டிருந்தப்ப," என்றார். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். "என்னையும் சேத்துக்கங்க."

"இந்த ஆய்வுக்கு வயசு எல்லை இருக்கம்மா. அறுபதுக்கு மேல சேர்க்க ஏலாது."

"ஏன், வயசானா தூங்கக் கூடாதா?"

"ஊசி குத்துவாங்க, பரவால்லயா?" என்று ஒருத்தி பின்னாலிருந்து கேட்டாள்.

"குத்தட்டும்லா. தூங்கிட்டுத்தானே இருப்பேன்."

மண்டபமே சிரித்தது. தவமணி மட்டும் சிரிக்கவில்லை. சுருட்டிய கைலி கையில் இருந்தது. வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இருப்பது ஒரு மணிநேரம், அதைக் கேட்பது இரண்டு பேர். இந்தக் கணக்கு எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

"அடுத்த வாரம் நீங்க வாங்கத்தை," என்றாள் தவமணி. "நா அவரப் பாத்துக்கறேன். அதுக்கு அடுத்த வாரம் நா வர்றேன்."

கைலியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவள் வீட்டைப் பார்க்க நடந்தாள். தூக்க ஆள் வேண்டுமே என்று அஞ்சலையும் பின்னாலேயே போனார்.

திரும்பும் வழியில் காரில் நான் டாக்டர் தேவகியிடம் என் கவலையைக் கொட்டினேன். பாதி வாரங்கள் வராத தவமணியைக் குழுவில் எப்படி வைத்திருப்பது? எடுத்துவிடலாமா? அவர் வருவதற்குப் பதில் ஆய்வு எண் எதுவும் இல்லாத ஒருவர் வந்து படுத்திருப்பாரே, தலை எண்ணினால் இருபத்திரண்டு சரியாக வருமே, ஆனால் ஆள் சரியில்லையே?

"எடுக்க ஏலாது. ஆரை எந்தக் குழுவில போட்டமோ, வந்தாலும் வராட்டியும் கடைசிவரைக்கும் அந்தக் குழுவிலதான் கணக்கு. இல்லாட்டி நல்லாப் போகாத ஆக்களை எல்லாம் நாங்கள் கழிச்சுப்போடுவம். பிறகு எல்லா ஆராய்ச்சியும் நல்ல ஆராய்ச்சிதான்."

"அந்த அம்மா?"

"அவ கணக்கில இல்லை. படுக்கட்டும்."

எண் இல்லாத ஓர் ஆளோடு நான் மிச்ச வாரங்களைக் கழித்தேன். அஞ்சலை குறட்டை விடுவதில்லை. மல்லாந்து, கைகளை வயிற்றில் கோத்து, முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொள்வார். மூச்சு இருக்கிறதா என்று நான் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன்.

கடைசி அளவெடுப்பில் தவமணியைப் பார்க்கப் பயந்துகொண்டே போனேன். பாதி ஓய்வுதான் கிடைத்தது, அழுத்தமும் சர்க்கரையும் பழையபடி ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஏறவில்லை. கேள்விகளுக்கு வந்தோம். 'உங்கள் களைப்பை வீட்டில் யாராவது புரிந்துகொள்கிறார்களா?' உள்ளறையில் அஞ்சலை மகனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அத்தைக்கு இப்ப தெரியுது," என்றாள். "வந்து படுத்துப் பாத்தாங்கல்ல."

இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, மேலும் ஆய்வு தேவை என்று கட்டுரை வெளிவந்தது. துறைக் கருத்தரங்கில் ஒருவர், "அப்படியானால் உங்கள் யோகா வேலை செய்யவில்லை" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். "யோகா வேலை செய்தது," என்றார் டாக்டர் தேவகி. "எங்கட ஒன்றுமில்லையும் வேலை செய்துபோட்டுது. அதுதான் பிரச்சினை."

வாக்குக் கொடுத்தபடி ராசாப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாஸ்டர் ஊதாப் பாய்களோடு வந்தார். வகுப்பின் கடைசியில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். இதற்குச் சவாசனம் என்று பெயர், உடம்பைப் பிணம்போல் விட்டுவிட வேண்டும் என்றார். அன்று தவமணியின் முறை. அடுத்த வாரம் அஞ்சலை வந்தபோது அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"மாஸ்டர், அந்தக் கடைசிப் பாடத்த முதல்லேர்ந்து நடத்துங்களேன்" என்றார்.

"மற்ற ஆசனம் எல்லாம் செஞ்சாத்தான்மா அதுல பலன்."

"வாரம் பூரா செஞ்சுட்டுத்தான் சாமி வர்றோம்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் விசிறியைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்த வகுப்புகள் முடியும்வரை அவர் சவாசனத்தையே நடத்தினார். ஒரு ஞாயிறு நான் எழுப்பும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை.

அதோடு ஆய்வு முடிந்தது, என் வேலையும் முடிந்தது. மண்டபத்தையும் பூட்டிவிட்டார்கள். மண்டபக் குழுத் தலைவர் கண்டிப்பானவர். பெயர் உள்ள நிகழ்ச்சிக்கு, பொறுப்பான ஓர் ஆளிடம் மட்டுமே சாவி கொடுப்பார். தவமணி புக்கிட் பெலிம்பிங்கில் என் வீடு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு வாசலில் நின்றாள்.

"நீங்க வந்து உக்காருங்க டிரசரய்யா. போதும். நாங்க படுத்துக்கறோம்."

"என்ன நிகழ்ச்சி என்று சொல்வது?"

"யோகா."

"எனக்கு யோகா தெரியாதே."

"உங்கள யாரு செய்யச் சொன்னா?"

பொய்யில் கையெழுத்துப் போடுவதாக எனக்கு உறுத்தியது. டாக்டர் தேவகியை அழைத்துக் கேட்டேன். "சவாசனம் யோகாதானே? பிறகென்ன?" என்று போனை வைத்துவிட்டார். அன்று முதல் அந்தத் தோட்டத்து மண்டபப் பலகையில் 'ஞாயிறு: யோகா. மாஸ்டர்: நடேசன்' என்றிருக்கிறது. முழங்கால் மடங்காத ஆள் நான். போக ஒரு மணிநேரம், வர ஒரு மணிநேரம், அங்கே ஒரு மணிநேரம். பெட்ரோல் விலையை நினைத்துக்கொண்டே போகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் எழுதுபலகை அளவுக்கு ஒரு கருவி. சமூக யோகா வகுப்புகளைப் பற்றி ஆராய்ச்சியாம். மண்டபப் பலகையைப் பார்த்து வந்திருக்கிறாள். நாங்கள் யோகாக் குழுவாகச் சேர வேண்டும். பன்னிரண்டு வாரம் அவர்களே பயிற்றுநரை அனுப்பி, ஒரே மாதிரி ஆசனங்களை ஒரே வரிசையில் நடத்துவார்கள். நடுநடுவே அளவெடுப்பார்கள். நல்ல பெண், ஒழுங்காக விளக்கினாள். விளக்க விளக்க நான் வாசலை மறைத்து நின்றுகொண்டேன். உள்ளே பத்தொன்பது பேர் படுத்திருந்தார்கள். தவமணியின் முறை. ஆராய்ச்சி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், தூங்குகிறவர்களை எழுப்பிக் கேள்வி கேட்டு இருபது ஆண்டு சம்பளம் வாங்கியவன்.

ஆனால் களப்பணியாளரிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

"அங்கிள், உங்க கிளாஸ் என்ன டைப்?" கருவியில் பட்டியல் இருந்தது.

"அதில் எதுவும் இல்லை."

"அப்ப 'மற்றவை'ன்னு போடறேன். அதுக்கு விவரம் கேக்குது. என்னா செய்றாங்க?"

"படுத்திருக்கிறார்கள்."

"ரெஸ்டோரட்டிவ் யோகாவா? கே.எல். சிட்டியில இப்ப அது ரொம்ப பாப்புலர் அங்கிள். அப்படிப் போட்டுக்கட்டா?"

"வேண்டாம். படுத்திருக்கிறார்கள் என்றே எழுது."

எழுதினாள். வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்தது கொஞ்சம் முக்கியம் அங்கிள். பயிற்றுநரோட தகுதி. சர்ட்டிஃபிகேட் ஏதாச்சும் வேணும். இல்லன்னா உங்க கிளாஸ ஆராய்ச்சியில சேக்க முடியாது."

"சேர்க்கவே முடியாதா?"

"முடியாது அங்கிள். சாரி."

எனக்கு மூச்சு வந்தது.

"பயிற்றுநரிடம் மண்டபத்துச் சாவி இருக்கிறது என்று எழுது" என்றேன்.